ஜார் வீட்டு நகைப்பெட்டி: ரஷ்யப் பயணக் குறிப்புகள்

ஜூலை 8, செவ்வாய். மாஸ்கோ

ரொமானோவ் குடும்பத்தின் மேல் எனக்குள்ள பித்து வீட்டில் எல்லோரும் அறிந்ததுதான். எங்கே தொற்றியது என்று கேட்டால் சிரிப்பார்கள். மாஸ்கோவில் அச்சாகி, மலிவு விலையில் தமிழில் வந்துகொண்டிருந்த சோவியத் புத்தகங்களில்தான். அவற்றில் ஜார் என்றால் கொடுங்கோலன், அத்தோடு கதை முடிந்தது. 1613-ல் தொடங்கி 304 வருடம் ஆண்ட வம்சத்தை ஒரே சொல்லில் முடித்துவிட்டால் சின்னப் பையனுக்குச் சந்தேகம் வரத்தானே செய்யும்? அவர்கள் வீட்டில் என்ன இருந்தது, அதெல்லாம் இப்போது யாரிடம் இருக்கிறது என்று தேட ஆரம்பித்தவன் இன்னும் நிறுத்தவில்லை.

கூட வந்திருப்பது அக்கா. வங்கியில் நகைக்கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவள். வரலாறு அவளுக்கு வேண்டாம், கல்லும் பொன்னும் போதும். "ஜார் கதையெல்லாம் நீ பாத்துக்கடா, நகையை நான் பாத்துக்கறேன்" என்று விமானத்திலேயே வேலையைப் பிரித்துக்கொண்டாள்.

நடைமுறை விஷயம் ஒன்று. 2022 மார்ச்சுக்குப் பிறகு வெளிநாட்டு விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் இங்கே வேலை செய்வதில்லை. பணமாகக் கொண்டுவந்து ரூபிளாக மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். அக்கா தாள்களை மூன்று இடத்தில் பிரித்து வைத்திருக்கிறாள். எங்கெங்கே என்று எனக்கே சொல்லவில்லை.

மாஸ்கோ, பீட்டர்ஸ்பர்க், கடைசியில் யெகாதரின்பர்க். கடைசி ஜார் இரண்டாம் நிக்கோலஸின் குடும்பம் 1918-ல் கொல்லப்பட்ட இரவான ஜூலை 16-17 அன்று அங்கே இருக்கும்படி திட்டம்.

ஜூலை 9, புதன். கிரெம்ளின்

வியாழக்கிழமை கிரெம்ளினுக்கு விடுமுறை என்பதால் எல்லாவற்றையும் இன்றே முடித்தாக வேண்டியிருந்தது. ஆயுதசாலை அருங்காட்சியகம் ஒன்று, அதே கட்டடத்தில் வைர நிதியம் இன்னொன்று. சீட்டு தனித்தனி.

நான் வந்தது முட்டைகளுக்காக. ரஷ்யர்களுக்கு ஈஸ்டர்தான் பெரிய பண்டிகை. அன்று முட்டை கொடுப்பது வழக்கம். 1885-ல் மூன்றாம் அலெக்சாண்டர் தன் மனைவிக்குக் கொடுக்க நகை செய்பவரான கார்ல் ஃபாபெர்ஜேயிடம் ஒரு முட்டை செய்யச் சொன்னார். அது பிடித்துப்போய் ஒவ்வொரு வருடமும் ஒன்று என்றானது. அவர் இறந்த பிறகு மகன் இரண்டாம் நிக்கோலஸ் அம்மாவுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று என்று வருடத்துக்கு இரண்டாக்கினார். நடுவே ரஷ்ய-ஜப்பானியப் போரின்போது மட்டும் இரண்டு வருடம் நின்றது. மொத்தம் 50. உள்ளே என்ன இருக்கும் என்பது ஜாருக்கே முன்கூட்டித் தெரியாதாம். அவற்றில் பத்து இந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கின்றன.

படத்தில் எத்தனையோ முறை பார்த்தவைதான். நேரில் முதலில் உறைப்பது அளவு. எல்லாம் நான் நினைத்திருந்ததைவிடச் சின்னவை. 1900-ஆம் வருட முட்டையின் வெளிப்புறம் சைபீரிய ரயில் பாதையின் வரைபடம் வெள்ளியில் பொறித்திருக்கிறது. உள்ளே மடித்து வைக்கும் பொன் ரயில், சாவி கொடுத்தால் ஓடும். எஞ்சின் பிளாட்டினமும் பொன்னும். அதன் முன்னால் அரை மணி நேரம் நின்றேன். காரணம் இருக்கிறது. 1917 ஆகஸ்டில் இதே குடும்பத்தைக் கைதிகளாகச் சைபீரியாவுக்கு ஏற்றிப்போனதும் ரயில்தான். வழியில் யாரும் மறித்துவிடக் கூடாது என்று அதற்கு ஜப்பானியச் செஞ்சிலுவைச் சங்கத்தின் பெயரைப் போட்டிருந்தார்கள். வரைபடத்தைச் செதுக்கிய கைகளுக்கு அதெல்லாம் தெரிந்திருக்க நியாயமில்லை.

அடுத்தது 1913-ன் முட்டை, வம்சத்தின் 300-ஆம் ஆண்டு நினைவாகச் செய்தது. வெளியே பதினெட்டு ரொமானோவ் ஆட்சியாளர்களின் குட்டிப் படங்கள். உள்ளே ஒரு உருண்டை. ஒரு பாதியில் 1613-ன் ரஷ்யா, மறுபாதியில் 1913-ன் ரஷ்யா. நாடு எவ்வளவு பெருத்திருக்கிறது பார் என்று காட்டத்தான். நாலே வருடத்தில் அதில் ஒரு அடிகூட அவர்களுக்கு இல்லை. அதன் பக்கத்திலேயே 1916-ன் போர்க்கால முட்டை, கறுத்த எஃகில், நாலு பீரங்கிக் குண்டுகளின் மேல் நிற்கிறது. அழகே இல்லை. ஆனால் இந்தப் பத்தில் ஊர் நிலவரம் தெரிந்து செய்தது அது ஒன்றுதான் என்று எனக்குப் பட்டது.

பிறகு வைர நிதியம். படம் எடுக்கக் கூடாது. இருட்டான அறைகள், விளக்கெல்லாம் கல்லின் மேல். 1762-ல் இரண்டாம் காதரீனுக்காகச் செய்த மணிமுடி நடுவில். 4,936 வைரம், உச்சியில் 398.72 காரட் சிவப்பு ஸ்பினல். "மாணிக்கம்னு சொல்லித்தான் குடுத்திருப்பான்" என்றாள் அக்கா. ஒரு காலத்தில் அப்படித்தான் எல்லோரும் நினைத்திருந்தார்கள் என்றதும் அவளுக்குப் பரம திருப்தி.

தமிழர்கள் தவறாமல் நிற்க வேண்டிய இடம் செங்கோல். அதன் தலையில் இருப்பதுதான் 189.62 காரட் ஓர்லோவ் வைரம். காதரீனின் பழைய காதலர் கிரிகோரி ஓர்லோவ் வாங்கிப் பரிசளித்தது. இது ஸ்ரீரங்கத்துப் பெருமாளின் கண்ணாக இருந்தது, படையை விட்டு ஓடிய பிரெஞ்சுச் சிப்பாய் ஒருவன் பக்தன் வேடமிட்டு உள்ளே போய்ப் பெயர்த்தெடுத்தான் என்று கதை. ஏழு பிராகாரம் தாண்டி ஒரு வெள்ளைக்காரன் மூலஸ்தானம் வரை போனானா என்று நமக்குக் கேள்வி வரும். ஆனால் கர்நாடகப் போரில் பிரெஞ்சுப் படை ஸ்ரீரங்கம் தீவில் முகாமிட்டிருந்ததும், 1752-ல் அங்கேயே சரணடைந்ததும் உண்மை. ஆய்வாளர்களில் பலர் இது பிரெஞ்சு வைர வியாபாரி தவெர்னியே ஔரங்கசீப்பின் அரசவையில் பார்த்த 'பெரிய முகலாயர்' வைரம் என்கிறார்கள். எனக்கும் அதுதான் பொருத்தமாகத் தெரிகிறது. அக்கா கேட்கவில்லை. "அரங்கன் கண்ணுடா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். காவலுக்கு நின்ற அம்மா எங்களையே பார்த்தார்.

பக்கத்திலுள்ள 88.7 காரட் ஷா வைரத்தின் மேல் மூன்று பெயர்கள் வெட்டியிருக்கின்றன: அகமத்நகரின் புர்ஹான் நிஜாம் ஷா, ஷாஜகான், பாரசீகத்தின் ஃபத் அலி ஷா. டெஹ்ரானில் ரஷ்யத் தூதர் கிரிபோயேதோவைக் கும்பல் கொன்றுவிட, சமாதானத்துக்காக 1829-ல் பாரசீகம் கொடுத்த கல். மூன்று அரச வம்சங்களைக் கைகழுவிவிட்டு நாலாவதிடம் வந்து, அதையும் பார்த்துவிட்டது.

அக்காவுக்குப் பிடித்த கதையைச் சாப்பிடும்போது சொன்னேன். புரட்சி நடந்து சில வருடங்களில், 1920-ல், அயர்லாந்துப் போராளிகளிடம் சோவியத் பிரதிநிதி ஜார் நகைகள் சிலவற்றை ஈடாக வைத்து 20,000 டாலர் கடன் வாங்கினார். நகைகள் டப்ளினில், அந்தப் போராளிகளில் ஒருவரான ஹாரி போலந்தின் அம்மா வீட்டில் பல வருடம் ஒளிந்திருந்து, 1940-களின் கடைசியில்தான் திரும்பின. "வட்டி?" என்றாள். வட்டி கிடையாது, அசல் மட்டும். "நல்ல பார்ட்டி" என்று தோசை மாதிரி இருந்த பிளினியைப் பிய்த்தாள்.

ஜூலை 10, வியாழன். ரயிலில்

சப்சான் ரயிலில் சுமார் நாலு மணி நேரம். ஜன்னலுக்கு வெளியே பிர்ச் மரங்கள், மறுபடி பிர்ச் மரங்கள். பீட்டர்ஸ்பர்க்கில் இரவு பதினொன்றுக்கும் வெளிச்சம். தூக்கம் கெட்டது. வேறு எதுவும் எழுத இல்லை.

ஜூலை 11, வெள்ளி. பீட்டர்ஸ்பர்க், ஃபொந்தான்கா கரை

ஷுவாலோவ் மாளிகையில் 2013-ல் திறந்த ஃபாபெர்ஜே அருங்காட்சியகம். அரச முட்டைகள் ஒன்பது. இவை நாட்டை விட்டுப் போய்த் திரும்பியவை. அமெரிக்காவின் ஃபோர்ப்ஸ் குடும்பம் சேர்த்து வைத்திருந்ததை 2004-ல் விக்தர் வெக்செல்பெர்க் என்ற தொழிலதிபர் மொத்தமாக வாங்கிவிட்டார்.

முதல் முட்டை, 1885-ன் 'கோழி', இங்கேதான். வெள்ளை எனாமல் ஓடு, திறந்தால் பொன் மஞ்சள்கரு, அதற்குள் மாணிக்கக் கண் வைத்த பொன் கோழி. கோழிக்குள் இருந்த வைரக் குட்டிக் கிரீடம் தொலைந்துபோய்விட்டது.

பெரிய கூட்டம் 1897-ன் முடிசூட்டு முட்டையைச் சுற்றித்தான். முந்தைய வருடம் மாஸ்கோவில் நடந்த முடிசூட்டு விழாவில் அரசி அலெக்சாண்ட்ரா அணிந்த அங்கியின் பொன்மஞ்சள் நிறத்தில் எனாமல். உள்ளே அவள் ஊர்வலம் போன சாரட் வண்டி, சக்கரம் சுழலும், கதவு திறக்கும். அதைச் செய்யவே ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. வேலைப்பாடு அபாரம். அக்கா மூக்கைக் கண்ணாடியில் ஒட்டி வைத்துக்கொண்டு "செய்கூலிதான்டா எல்லாம், பொன்னு கொஞ்சம்தான்" என்றாள். சரியான மதிப்பீடு. ஃபாபெர்ஜே விற்றது பொன்னை இல்லை.

நான் அதன் முன் நின்று நினைத்துக்கொண்டிருந்தது இன்னொரு எனாமல் சாமானை. அதே விழாவுக்காக 1896 மே மாதம் கொதீன்கா மைதானத்தில் மக்களுக்குப் பரிசு கொடுப்பதாக அறிவித்திருந்தார்கள். ரொட்டி, கொஞ்சம் இறைச்சி, தின்பண்டம், அரச முத்திரை போட்ட எனாமல் குவளை ஒன்று. இரவிலிருந்தே லட்சக்கணக்கில் ஆட்கள். குவளை தீர்ந்துவிடும் என்று வதந்தி பரவி நெரிசல். மைதானத்தில் மூடாத பள்ளங்கள். அரசுக் கணக்கிலேயே 1,389 பேர் செத்தார்கள். அன்று இரவு பிரெஞ்சுத் தூதர் கொடுத்த நடன விருந்துக்கு நிக்கோலஸ் போனார். போக மனமில்லை, உறவினர் சொல்லித்தான் போனார் என்பார்கள். இருக்கலாம். ஆனால் போனார். அந்தக் குவளைக்கு மக்கள் துயரக் குவளை என்று பெயர் வைத்தார்கள். அடுத்த ஈஸ்டருக்கு அரசிக்கு வந்தது இந்தச் சாரட்.

முட்டைகளைப் பற்றி எனக்குள் வெகுநாளாக ஓடிக்கொண்டிருந்த எண்ணம் இன்று தெளிவானது. இவை ஒரு வீட்டின் ஆல்பம். கல்யாண நாள், பிள்ளைகள், புது மாளிகை, கப்பல் எல்லாம் இருக்கும். வெளியே நடந்தது எதுவும் உள்ளே வராது. 1905-ல் அரண்மனைச் சதுக்கத்தை நோக்கி மனுக் கொடுக்க வந்தவர்களைச் சுட்டதற்கு முட்டை கிடையாது. வைத்திருந்தவர்களுக்கும் நாடு இந்த அளவில்தான் தெரிந்தது போலிருக்கிறது.

ஒன்பதில் ஒன்றை மட்டும் தனியாகப் பார்க்க வேண்டும். 1916-ன் செயின்ட் ஜார்ஜ் முட்டை. நிக்கோலஸ் தன் அம்மா மரியா ஃபியோதரோவ்னாவுக்குக் கொடுத்தது. 1919-ல் அவர் கிரிமியாவிலிருந்து பிரிட்டிஷ் போர்க்கப்பலில் தப்பியபோது கூடவே போனது. 50-ல் தன் சொந்தக்காரரோடு ரஷ்யாவை விட்டு வெளியேறியது இது ஒன்றே. மற்றவற்றில் பலவற்றை 1920, 30-களில் சோவியத் அரசே டாலருக்காக விற்றது. சில இன்னும் காணவில்லை. காணாமல் போன 1887-ன் முட்டையை அமெரிக்காவில் ஒரு பழைய உலோக வியாபாரி உருக்கி விற்கலாமென்று சுமார் 14,000 டாலருக்கு வாங்கினார். பொன் எடைக்கு அதைவிடக் குறைவாகவே கேட்டார்கள். நஷ்டத்துக்கு விற்க மனமில்லாமல் வைத்திருந்தவர், ஒருநாள் உள்ளேயிருந்த கடிகாரத்தின் பெயரை இணையத்தில் தேடப்போய், 2014-ல் உலகச் செய்தியானார். எடைக்கு நல்ல விலை சொல்லியிருந்தால் போயிருக்கும். அக்கா இதைக் கேட்டுவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. எத்தனை நகைகளை எடைக்கு மட்டும் மதிப்பிட்டு ஏலத்துக்கு அனுப்பியிருப்பாளோ.

ஜூலை 12, சனி. பீட்டர்-பால் கோட்டை

மகா பீட்டரிலிருந்து பெரும்பாலான ஜார்கள் இந்தத் தேவாலயத்தில்தான். வெள்ளைப் பளிங்குப் பெட்டிகள் வரிசையாக. நிக்கோலஸ் குடும்பம் அந்த வரிசையில் இல்லை. பக்கத்தில் புனித காதரீன் சிற்றறையில், கொலை நடந்து சரியாக 80 வருடம் கழித்து, 1998 ஜூலை 17 அன்று அடக்கம் செய்தார்கள். கூடவே செத்த மருத்துவர் பொத்கின், பணிப்பெண் தெமீதவா, சமையல்காரர் கரித்தோனவ், பணியாளர் துரூப் நால்வரின் பெயரும் சுவரில் இருக்கிறது. அது எனக்குப் பிடித்திருந்தது.

அடக்கத்துக்கு ஜனாதிபதி யெல்த்சின் வந்து தலை குனிந்தார். 1977-ல் யெகாதரின்பர்க்கில் கொலை நடந்த வீட்டை, மாஸ்கோ உத்தரவின்படி, இடித்துத் தள்ளிய கட்சிச் செயலாளரும் அவர்தான்.

எலும்புகளை அடையாளம் காண எடுத்த மரபணுச் சோதனைக்கு பிரிட்டிஷ் இளவரசர் பிலிப் ரத்தம் கொடுத்தார். அலெக்சாண்ட்ராவின் அக்கா வழியில் அவர் பேரப்பிள்ளை முறை.

ஜூலை 13, ஞாயிறு. ஜார்ஸ்கயே செலோ

எல்லோரும் காதரீன் மாளிகையின் அம்பர் அறைக்கு வரிசையில் நிற்கிறார்கள். நாங்கள் நேராக அலெக்சாண்டர் மாளிகைக்குப் போனோம். 1905-லிருந்து குடும்பம் குடியிருந்தது இங்கேதான், பதவி போன பிறகு ஐந்து மாதம் சிறையிருந்ததும் இங்கேதான். பல வருட மராமத்துக்குப் பிறகு 2021-ல் அவர்களுடைய அறைகளைத் திறந்தார்கள். அலெக்சாண்ட்ராவின் ஊதாநிற அறை புகழ்பெற்றது. துணியெல்லாம் பழைய மாதிரியைப் பார்த்துப் புதிதாக நெய்தவை, அதனால் எல்லாமே கொஞ்சம் அதிகச் சுத்தம். ஆனால் அளவு பொய் சொல்லவில்லை. பேரரசியின் அறை என்று யாரும் சொல்லாவிட்டால், சாமான் சேர்த்து வைக்கும் பழக்கமுள்ள ஒரு குடும்பத் தலைவியின் அறை என்றுதான் நினைப்போம்.

மாஸ்கோவில் பார்த்த 1908-ன் முட்டைக்குள் இந்த மாளிகைதான் குட்டியாக இருக்கிறது. வெளியே ஐந்து பிள்ளைகளின் படம். ஒல்கா, தத்யானா, மரியா, அனஸ்தாசியா, ரத்தம் உறையாத நோயோடு பிறந்த அலெக்சேய். ஐந்து பேரும் நடந்த தாழ்வாரத்தில் நடந்தோம். சிறையிருந்த கோடையில் நிக்கோலஸ் தோட்டத்தில் காய்கறி போட்டார், விறகு அறுத்தார். அந்தப் படங்களில்தான் மனுஷன் நிம்மதியாகத் தெரிகிறார். நல்ல அப்பா. நாட்டை ஆள லாயக்கில்லாதவர். இரண்டையும் சேர்த்துச் சொல்ல மனசு வராதவர்கள்தான் அவரைக் கொடுங்கோலனாகவோ புனிதராகவோ ஆக்குகிறார்கள்.

ஜூலை 15, செவ்வாய். யெகாதரின்பர்க்

நேற்று அக்காவுக்குச் சளி, அறையிலேயே ஓய்வு. இன்று விமானத்தில் யூரல் பக்கம் வந்து சேர்ந்தோம். நாளை இரவுக்காக ஊர் முழுக்க ஆட்கள் வந்து இறங்குகிறார்கள்.

ஜூலை 17, வியாழன்

தூங்காமல் எழுதுகிறேன், முன்பின் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இடித்த வீட்டின் இடத்தில் 2003-ல் எழுப்பிய பெரிய தேவாலயம் இருக்கிறது. நள்ளிரவு வழிபாட்டுக்கு வெளியே சாலை வரை கூட்டம். ரஷ்யத் திருச்சபை 2000-ல் குடும்பத்தைப் புனிதர்களாக்கியது. பெண்கள் கையில் ஜார் குடும்பத்தின் படங்கள். வழிபாடு முடிந்ததும் கனினா யாமா என்ற காட்டு இடம் வரை சுமார் 21 கிலோமீட்டர் நடை. பல்லாயிரம் பேர். அக்கா காரில் வருவதாகச் சொல்லிவிட்டாள், நான் நடந்தேன். மந்திரம் போல ஒரே ஜெபத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே வேகமாக நடக்கிறார்கள். கைத்தடி ஊன்றிய பாட்டிகள் என்னைத் தாண்டிப் போனார்கள்.

நடக்கும்போது நான் நினைத்துக்கொண்டிருந்தது நகைகளைத்தான். 1918 வசந்தத்தில் ஜாரும் அரசியும் மரியாவும் முதலில் இந்த ஊருக்குக் கொண்டுவரப்பட்டார்கள். மற்ற பிள்ளைகள் சைபீரிய ஊரான தொபோல்ஸ்கில். அங்கே வந்த கடிதத்தில், பேசி வைத்தபடி மருந்துகளை ஒழுங்கு செய்யவும் என்று இருந்தது. மருந்து என்றால் நகை. பெண்கள் உட்கார்ந்து வைரங்களையும் முத்துக்களையும் உள்கச்சுகளிலும் பொத்தான்களுக்குள்ளும் தலையணைகளிலும் தைத்தார்கள். எங்காவது தப்பிப் போனால் பிழைப்புக்கு உதவும் என்று. அது புத்திசாலித்தனம்தான். நம் பாட்டிகளும் அதையேதான் செய்திருப்பார்கள்.

நிலவறையில் பதினொரு பேரை நிற்கவைத்து காவல் தலைவன் யூரோவ்ஸ்கியின் ஆட்கள் சுட்டபோது, பெண்களின் மேல் பட்ட குண்டுகள் தெறித்தன. ஏன் சாகவில்லை என்று சுட்டவர்களே மிரண்டார்கள். கத்திமுனையும் கச்சைத் தாண்டவில்லை. கடைசியில் தலையில் சுட்டார்கள். உடல்களைக் களைந்தபோதுதான் காரணம் தெரிந்தது. கல் மட்டும் சுமார் எட்டு கிலோ என்று யூரோவ்ஸ்கி எழுதி வைத்திருக்கிறார். கண்ணாடிப் பெட்டிகளில் நான் பார்த்த எதையும்விட அந்த எட்டு கிலோதான் என்னை விடாமல் பிடித்திருக்கிறது. அத்தனை காலம் காட்டுவதற்காக இருந்தவை, முதல்முறையாக ஒளித்து வைக்க வேண்டியவையான பிறகு, அவர்கள் சாவை நீட்டின.

கனினா யாமாவில் குடும்பத்தின் ஏழு பேருக்கு ஏழு மரத் தேவாலயங்கள். உடல்களை முதலில் வீசிய சுரங்கக் குழியைச் சுற்றி வெள்ளை லில்லி. கால் முழுக்கக் கொப்புளம். அக்கா காரிலிருந்து இறங்கி வந்து தண்ணீர் கொடுத்தாள், திட்டவில்லை.

ஜூலை 18, வெள்ளி. பொரசியோன்கவ் லோக்

நேற்று வந்த கூட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட இங்கே வந்திருக்காது. ஆனால் உடல்கள் கிடந்த இடம் இதுதான். குழி போதாதென்று மறுநாள் இரவு லாரியில் ஏற்றிப்போனபோது சகதியில் வண்டி சிக்க, பழைய கொப்தியாகி சாலையிலேயே புதைத்து மேலே தண்டவாளக் கட்டைகளைப் போட்டு மூடினார்கள். 1979-ல் உள்ளூர் நிலவியலாளர் அவ்தோனினும் எழுத்தாளர் ரியாபவும் ரகசியமாகத் தோண்டிக் கண்டுபிடித்து, பயந்து திரும்ப மூடிவிட்டார்கள். 1991-ல்தான் முறையாகத் தோண்டினார்கள். ஒன்பது பேர். மீதி இருவரான அலெக்சேயும் மரியாவும் 2007-ல் கொஞ்சம் தள்ளிக் கிடைத்தார்கள். மரபணு எல்லாம் பொருந்துகிறது. திருச்சபைக்கு மட்டும் வெகுகாலம் தயக்கம். அவர்கள் கணக்கில் உடல்கள் கனினா யாமாவிலேயே எரிந்து சாம்பலாகிவிட்டன.

எளிய இடம். சிலுவை, வேலி, கொசு. டாக்சி ஓட்டுநர் அலைபேசியில் மொழிபெயர்ப்பை ஓடவிட்டு, நகையெல்லாம் கிடைத்துவிட்டதா என்று கேட்டார். உடம்பில் இருந்தவை மாஸ்கோவுக்குப் போய்ச் சேர்ந்தன, தொபோல்ஸ்கில் நம்பிக்கையானவர்களிடம் விட்டுவந்ததில் 154 உருப்படிகளை 1933-ல் ரகசியப் போலீஸ் கண்டெடுத்தது, மற்றபடி முழுக் கணக்கு யாரிடமும் இல்லை என்றேன். அக்கா இடையில் புகுந்து, "முதல்லயே லிஸ்ட் எழுதி வெச்சிருக்கணும்" என்றாள். அலைபேசி அதை ரஷ்யனில் எப்படிச் சொன்னதோ, அவர் பலமாகத் தலையாட்டினார்.

அலெக்சேய், மரியா எலும்புகளை இன்னும் அடக்கம் செய்யவில்லை. 2015-ல் மாஸ்கோவின் நோவோஸ்பாஸ்கி மடாலயத்துக்குக் கொண்டுபோனார்கள். ஊர் திரும்பும் வழியில் மாஸ்கோவில் ஒரு பகல் கிடைக்கிறது. அங்கே போகலாமென்று நான், பிள்ளைகளுக்குச் சாக்லேட் வாங்க வேண்டுமென்று அக்கா. ரூபிள் அவளிடம்தான் இருக்கிறது.